ஒரு ஏரி, ஒரு ஆறு, ரெண்டு கேமரா

கொஞ்ச நாள் முன்னாடி ஊட்டிப் பக்கம் எமரால்டு ஏரிக்குப் போய் ஒரு படம் எடுத்தேன். விடியற்காலை, தண்ணி மேல லேசா பனி, எதிர்க்கரையில தைல மரங்கள், அதோட தலைகீழ் நிழல் தண்ணியில. எனக்கு ரொம்பப் பெருமை. வழக்கம்போல நம்ம கேமராப் பைத்தியங்கள் நாலு பேருக்குக் காட்டினேன். விமர்சனமும் வழக்கம்போலத்தான் வந்துச்சு. "அடிவானம் ஒரு டிகிரி சாய்ஞ்சிருக்கு." "முன்னணியில ஒரு பாறை இருந்திருந்தா தூக்கியிருக்கும்." "பச்சையை இவ்வளவு ஏத்தியிருக்க வேணாம், கிளி மாதிரி இருக்கு." எல்லாம் நியாயம்தான், ஒத்துக்கறேன்.

கடைசியா ஒரு அண்ணன் மட்டும் வேற ஒண்ணு கேட்டார். "படம் நல்லா இருக்குப்பா. ஆனா ஏரின்னு தலைப்பு வச்சிருக்கியே, இது ஏரியா, அணைத் தண்ணியா?"

அணைத் தண்ணிதான். குந்தா நீர்மின் திட்டத்துக்காக 1950கள், 60கள்ல கனடா நாட்டு உதவியோட கட்டின தொகுப்புல எமரால்டும் ஒண்ணு. பக்கத்துல இருக்கற அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாமே அந்தக் கணக்குதான். நான் எடுத்த அந்த அழகான படத்துக்குக் கீழே முன்னாடி என்ன இருந்துச்சு? புல்வெளியா, சோலைக்காடா, ஓடையா? அதை நான் யோசிக்கவே இல்லை. படத்தைப் பார்த்த மத்தவங்களும் கேக்கலை. அடிவானம் சாய்ஞ்சது மட்டும் எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு :-)

அந்தக் கேள்வி என்னை எங்கெங்கேயோ கொண்டுபோய், கடைசியில ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கற டாஸ்மேனியாத் தீவுல விட்டுச்சு. மலையாறு, மலையேரி படம் எடுக்கற எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டிய கதை இது. ரெண்டு பேர், ரெண்டு கேமரா. ஒருத்தர் ஒரு ஏரியைக் காப்பாத்தப் படம் காட்டி, தோத்தார். இன்னொருத்தர் எடுத்த ஒரே ஒரு படம் ஒரு ஆத்தைக் காப்பாத்த உதவுச்சு. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல கொஞ்சம் முன்கதை

இயற்கைக் காட்சிப் படம் அரசியல் பேசறது ஒண்ணும் புதுசு இல்லை. 1861ல கார்ல்டன் வாட்கின்ஸ்னு ஒருத்தர் அமெரிக்காவுல யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அவர் கேமராவுக்கு 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடு வேணும். அத்தனையும் கோவேறு கழுதை மேல. அங்கேயே கூடாரத்துல தகட்டுல ரசாயனம் பூசி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து, உடனே கழுவணும். அந்தப் படங்கள் கிழக்குக் கரை நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. 1864 ஜூன் 30ந் தேதி, உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, யோசெமிட்டியைப் பொதுச் சொத்தாப் பாதுகாக்கற சட்டத்துல லிங்கன் கையெழுத்துப் போட்டார். அவரோட படங்களுக்கும் அதுல பங்கு உண்டுன்னு வரலாறு எழுதறவங்க சொல்றாங்க.

1871ல வில்லியம் ஹென்றி ஜாக்சன் யெல்லோஸ்டோன் படங்களோட திரும்பி வந்தார். அடுத்த வருஷம் 1872ல அது தேசியப் பூங்கா ஆச்சு.

ஆனா எல்லாத் தடவையும் படம் ஜெயிக்கலை. யோசெமிட்டிக்குப் பக்கத்துலயே ஹெட்ச் ஹெட்சின்னு இன்னொரு பள்ளத்தாக்கு. அழகுல தங்கச்சி. அதுக்கும் படங்கள் இருந்துச்சு, ஜான் மியூர் மாதிரி எழுத்தாளர் கூடவே நின்னார். ஆனாலும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிதண்ணி வேணும்னு 1913ல சட்டம் போட்டு, 1923ல அணை கட்டி முடிச்சுட்டாங்க. இன்னைக்கும் அது தண்ணிக்குள்ளதான் இருக்கு.

இந்தப் பின்னணியை மனசுல வச்சுக்கிட்டு டாஸ்மேனியாவுக்கு வாங்க.

பெடர் ஏரியும் ஒரு மின்வாரிய குமாஸ்தாவும்

டாஸ்மேனியாவோட தென்மேற்கு மூலை அப்போ சாலையே இல்லாத மலைக்காடு. அங்கே மலைகளுக்கு நடுவுல பெடர்னு ஒரு ஏரி. பரப்பளவு பெருசு இல்லை, பத்து சதுர கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஆனா அதோட விசேஷம் கரைதான். குவார்ட்சைட் பாறை உதிர்ந்து வந்த இளஞ்சிவப்பு மணல். கோடையில தண்ணி இறங்கும்போது கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்பரப்பு தெரியும். சின்ன விமானங்கள் அந்த மணல்லயே வந்து இறங்கும்னா பார்த்துக்கோங்க. தண்ணியோ பால் விடாத டீ நிறம். அங்கே வளர்ற பட்டன் புல்லுல இருந்தும் கரிமண்ணுல இருந்தும் ஊறி வர்ற சாயம் அது. நம்ம கட்டன் சாயா மாதிரி. அழுக்கு இல்லை, இயற்கையான நிறம். 1955ல அந்த ஏரியையும் சுத்துப்புறத்தையும் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க.

இப்ப நம்ம முதல் ஆளு. ஓலெகாஸ் ட்ருக்கானஸ். 1923ல லித்துவேனியாவுல பிறந்தவர். உலகப்போர் ஊரைச் சுருட்டிப் போட்டதுல ஜெர்மனியில அகதி முகாம்ல இருந்து, 1948ல டாஸ்மேனியாவுக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்கு அந்தத் தென்மேற்குக் காட்டு மேல பித்துப் பிடிச்சுப் போச்சு. தன்னந்தனியா நடப்பார், தானே செஞ்ச சின்னப் படகுல போவார். 1958ல கார்டன் ஆத்துல தனியா இறங்கி வந்து ஊரையே அசத்தினார். போற இடமெல்லாம் கேமராவும் போச்சு.

வயித்துப்பாட்டுக்கு அவர் பார்த்த வேலை? டாஸ்மேனியா நீர்மின் வாரியத்துல குமாஸ்தா. ஆமாங்க, அணை கட்டற அதே வாரியத்துலதான்.

1967ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. பிப்ரவரி 7ந் தேதி ஹோபார்ட் சுத்துவட்டாரத்துல பெரிய காட்டுத்தீ. 60க்கும் மேல உயிர்ச்சேதம். ட்ருக்கானஸ் வீடும் எரிஞ்சுபோச்சு. வருஷக்கணக்கா சேர்த்த ஸ்லைடுகள் அத்தனையும் சாம்பல். நமக்கெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க் போனாலே நாலு நாள் சோறு இறங்காது. அந்த மனுஷன் மறுபடியும் கேமரா வாங்கி, அதே மலைகளுக்கு, அதே ஏரிக்கு, அதே ஆத்துக்குத் திரும்பப் போய் முதல்ல இருந்து எடுக்க ஆரம்பிச்சார்.

ரெண்டாவது விஷயம், அதே வருஷம் மாநில அரசு பெடர் ஏரியை மூழ்கடிக்கற மின்திட்டத்துக்குச் சட்டம் போட்டுச்சு. தேசியப் பூங்கா அந்தஸ்தும் காலி. அப்போதைய முதல்வர் எரிக் ரீஸ். மின்சாரத்து மேல அவருக்கு இருந்த மோகத்தைப் பார்த்து ஜனங்க வச்ச பட்டப்பேரே 'எலெக்ட்ரிக் எரிக்'.

ட்ருக்கானஸ் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. சம்பளம் தர்ற வாரியத்தை எதிர்த்து மேடையில பேச முடியாது. அவர் கையில இருந்தது ஸ்லைடு மட்டும்தான். அதனால படம் காட்டினார். சின்னச் சின்ன அரங்கு, அப்புறம் ஹோபார்ட் நகர மண்டபம். ஒரு புரொஜக்டர், பின்னணியில இசை, திரையில பெடர் ஏரி. கூட்டம் முண்டியடிச்சுதாம். அணையைத் திட்டி ஒரு வார்த்தை வேண்டியிருக்கலை. அந்த இளஞ்சிவப்பு மணலைப் பார்த்துட்டு வெளிய வர்றவன் கேக்கற முதல் கேள்வியே "இதையா மூழ்கடிக்கப் போறாங்க?"ன்னுதான் இருக்கும். 1971 கோடையில நிறையப் பேர் நடந்தும் பறந்தும் ஏரிக்கே போய்ப் பார்த்துட்டு வந்தாங்க, கடைசியா முகம் பார்த்துட்டு வர்ற மாதிரி.

ஆனா நடக்கலை. 1972ல தண்ணி ஏற ஆரம்பிச்சுது.

அதைப் பார்க்க ட்ருக்கானஸ் இல்லை. 1972 ஜனவரி 6ந் தேதி, தீயில போன கார்டன் ஆத்துப் படங்களைத் திரும்ப எடுக்கப் போன இடத்துல, வழுக்கி ஆத்துல விழுந்து வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. வயசு 48. சில நாள் கழிச்சு உடலைக் கண்டுபிடிச்சவர் அவரோட சிஷ்யப்பிள்ளை. அந்தப் பையன்தான் இந்தக் கதையோட ரெண்டாவது ஆளு.

மூணு அணைகள் சேர்ந்து அந்தப் பள்ளத்தாக்கை நிரப்புச்சு. பத்து சதுர கிலோமீட்டர் கூட இல்லாத ஏரி இருந்த இடத்துல சுமார் 240 சதுர கிலோமீட்டர் நீர்த்தேக்கம். இதுல கொடுமை என்னன்னா, புது நீர்த்தேக்கத்துக்கும் 'பெடர் ஏரி'ன்னே பேர் வச்சுட்டாங்க. செத்தவர் பேரைக் கொன்னவருக்கே வச்ச மாதிரி. இன்னைக்கு யாராவது அங்கே போய்ப் படம் எடுத்து 'பெடர் ஏரி, டாஸ்மேனியா'ன்னு தலைப்பு வச்சா அது பொய் இல்லை, ஆனா உண்மையும் இல்லை. (என் எமரால்டு படம் ஞாபகம் வருதா?)

சிஷ்யப்பிள்ளை

பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். 1945ல ஜெர்மனியில அகதி முகாம்ல பிறந்தவர். பெற்றோர் லாட்வியாக்காரங்க. அப்பா போர்ல காணாமப் போயிட்டார். 1950ல அம்மா சின்னப் பையனைக் கூட்டிக்கிட்டு ஹோபார்ட் வந்தாங்க. முதல் கேமரா அம்மா கொடுத்தது. பதின்ம வயசுல ட்ருக்கானஸ் கண்ணுல பட்டார். அப்பா இல்லாத பையன், காட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர். படகு ஓட்டறது, மலை ஏறறது, படம் பார்க்கறது எல்லாம் அங்கிருந்துதான் வந்துச்சு.

இவர் எடுத்த வழி வேற. தோள்ல லின்ஹாஃப் கேமரா. ஒவ்வொரு படத்துக்கும் 4க்கு 5 அங்குல ஃபிலிம் தாள் தனித்தனியா. முக்காலியில நிறுத்தி, தலைமேல கறுப்புத் துணியைப் போர்த்திக்கிட்டு, பின்னாடி இருக்கற தேய்ச்ச கண்ணாடியில தலைகீழாத் தெரியற பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ணணும். ஒரு படம் எடுக்கறதுக்குள்ள வெளிச்சமே மாறிடும். எடுத்தது சரியா வந்துச்சான்னு ஊருக்குத் திரும்பிக் கழுவினாத்தான் தெரியும். இதையெல்லாம் வாரக்கணக்குல சாப்பாட்டோட சுமந்துக்கிட்டு, மழையில, சேத்துல, படகுல. நாம மெமரி கார்டுல முந்நூறு கிளிக் பண்ணிட்டு அதுல ஒண்ணு தேறும்னு நம்பறோம். அந்த ஆளுக்கு அந்தச் சொகுசே கிடையாது.

பெடர் போனதும் மின்வாரியம் சும்மா இருக்கலை. அடுத்த குறி பிராங்க்ளின் ஆறு. கார்டன் ஆத்தோட கலக்கற காட்டாறு. ரெண்டும் சேர்ற இடத்துக்குக் கீழே அணை கட்டினா பிராங்க்ளினோட கீழ்ப்பகுதி மலைவெடுப்பு பூரா தண்ணிக்குள்ள போயிடும். இந்தத் தடவை எதிர்க்க ஆள் இருந்தாங்க. பெடர்ல தோத்தவங்க வீட்டுக்குப் போய்த் தூங்கலை. 1972லயே ஐக்கிய டாஸ்மேனியா குழுன்னு ஒரு கட்சி ஆரம்பிச்சு தேர்தல்ல நின்னாங்க. உலகத்தோட முதல் பசுமைக் கட்சின்னு பலர் அதைத்தான் சொல்றாங்க. 1976ல பாப் பிரௌன்னு ஒரு டாக்டர் ரப்பர் படகுல பிராங்க்ளின்ல இறங்கி வந்தார். அதே வருஷம் வனப் பாதுகாப்புச் சங்கம் ஒண்ணு உருவாச்சு.

1979ல டொம்ப்ரோவ்ஸ்கிஸ் அந்த ஆத்துல ஒரு திருப்பத்துல முக்காலியை நிறுத்தினார். அந்த இடத்துக்குப் பேர் ராக் ஐலண்ட் பெண்ட். நம்ம பாஷையில சொன்னா பாறைத்தீவு வளைவு.

படத்தைக் கொஞ்சம் பார்ப்போமா

'காலைப் பனி, ராக் ஐலண்ட் பெண்ட்'. பாக்காதவங்க தேடிப் பாருங்க, சுலபமாக் கிடைக்கும். பார்த்துட்டு வந்து மேல படிங்க.

பார்த்தாச்சா? சரி, நம்ம விமர்சனக் கத்தியை எடுப்போம்.

வெளிச்சம்: சூரியன் இல்லை. நீலவானம் இல்லை. தங்க நிற மாலை இல்லை. நாம யாராவது அன்னைக்கு அங்கே இருந்திருந்தா 'மூட்டமா இருக்குடா, நாளைக்கு வருவோம்'னு கேமராவை உள்ள வச்சிருப்போம். ஆனா இருட்டான மலைவெடுப்புல வெயில் அடிச்சா என்ன ஆகும்? ஒரு பக்கம் வெளுத்துப்போகும், இன்னொரு பக்கம் கரியாப்போகும். மூட்டம் இருந்ததாலதான் பாறையோட ஈரமும் இலையோட பச்சையும் ஒரே மாதிரி ஒளியில தெரியுது.

தண்ணி: கரைஞ்சு பால் மாதிரி ஓடுது. இதைப் பார்த்துட்டுத்தான் உலகத்துல பாதிப்பேர் அருவிக்குப் போனா பட்டுத்துணி மாதிரி தண்ணி எடுக்கறோம். ஆனா இங்கே அது ஸ்டைலுக்காக மட்டும் வந்தது இல்லை. மெதுவான ஃபிலிம், சின்ன துவாரம், குறைஞ்ச வெளிச்சம். நொடிக்கணக்குல திறந்து வச்சாத்தான் படமே விழும். வாட்கின்ஸ் காலத்துலயும் இதே கதைதான், அந்தத் தகடுகள்ல அருவி எல்லாம் வெள்ளைத் துணியாத்தான் இருக்கும். ஒரு காலத்துல வேற வழியில்லாம வந்தது, இன்னைக்கு நமக்கு ஃபில்டர் போட்டு வரவழைக்கற அழகு ஆயிடுச்சு.

அமைப்பு: ஆறு வளைஞ்சு பனிக்குள்ள போய் மறையுது. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியலை. என்னைக் கேட்டா படத்தோட உயிரே அதுதான். போஸ்ட்கார்டு எல்லாத்தையும் காட்டிடும். இது பாதியை மறைச்சு வச்சு, மீதியை நம்மளை யோசிக்க வைக்குது. நடுவுல நிக்கற அந்தப் பாறைத்தீவு, வெள்ளத்துல தனியா நிக்கற ஒரு ஆள் மாதிரி.

குறை ஒண்ணும் இல்லையான்னு கேட்டா, இருக்கு. அதுக்குக் கடைசியில வரேன்.

படம் பேப்பருக்கு வந்த கதை

1981 டிசம்பர்ல மாநில அரசு ஒரு வாக்கெடுப்பு வச்சுது. கேள்வி என்ன தெரியுமா? அணை இங்கே வேணுமா, அங்கே வேணுமா? அணையே வேணாம்னு சொல்ல வாக்குச்சீட்டுல இடமே இல்லை! ஜனங்க சும்மா விடலை. மூணுல ஒருத்தர் கிட்ட சீட்டுலயே 'அணை வேண்டாம்'னு கையால எழுதிப் போட்டுட்டு வந்துட்டாங்க. அத்தனையும் செல்லாத ஓட்டு. ஆனா செய்தி செல்லுபடியாச்சு.

1982 டிசம்பர் 14ந் தேதி அந்தத் தென்மேற்குக் காடு உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்துச்சு. அதே நாள் ஆத்துல மறியல் ஆரம்பம். ரப்பர் படகுகள்ல போய் இயந்திரங்களுக்குக் குறுக்க நின்னாங்க. 1,200 பேருக்கு மேல கைது. பாப் பிரௌனும் ஜெயிலுக்குப் போனார்.

1983 மார்ச் 5 கூட்டாட்சித் தேர்தல். அதுக்குச் சில நாள் முன்னாடி சிட்னி, மெல்போர்ன் பெரிய நாளிதழ்கள்ல முழுப்பக்க விளம்பரம். வண்ணத்துல. அந்தக் காலத்துல நாளிதழைத் திறந்தா கறுப்பு வெள்ளைதான். அதுக்கு நடுவுல ஒரு பக்கம் பூரா பச்சையும் பனியுமா ராக் ஐலண்ட் பெண்ட். இதை அழிக்கப்போற கட்சிக்கு உங்களால ஓட்டுப் போட முடியுமாங்கறதுதான் அதோட சாராம்சம். அதைப் பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த ஆத்தைக் கண்ணால பார்த்ததும் இல்லை, பார்க்கப் போறதும் இல்லை. ஆனா எதை இழக்கப்போறோம்னு இப்ப அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

அணையை நிறுத்தறேன்னு சொன்ன பாப் ஹாக் ஜெயிச்சார். கூட்டாட்சி அரசு தடைச்சட்டம் போட்டுச்சு, மாநிலம் கோர்ட்டுக்குப் போச்சு. 1983 ஜூலை 1ந் தேதி உச்சநீதிமன்றம் 4க்கு 3ன்னு மயிரிழையில தீர்ப்புச் சொல்லுச்சு. உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தைக் காப்பாத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு, அணை கிடையாது. பிராங்க்ளின் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

இப்ப உண்மையைப் பேசுவோம்

'ஒரு போட்டோ ஆட்சியைக் கவுத்துச்சு'ன்னு இந்தக் கதையைச் சிலர் சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம படம் எடுக்கறவங்க, நம்ம ஜாதியை நாமளே ஊதிப் பெருசாக்கக் கூடாது இல்லையா?

அந்த வருஷம் ஆஸ்திரேலியாவுல கடும் வறட்சி, வேலையில்லாத் திண்டாட்டம். ஆட்சி மாற அதுவே போதும். இன்னும் ஒண்ணு, எந்த மாநிலத்துல அந்த ஆறு ஓடுதோ அந்த டாஸ்மேனியாவுல இருந்த 5 தொகுதியிலயும் ஹாக் கட்சி தோத்துப்போச்சு! அணை வந்தா வேலை வரும்னு நம்பின ஜனங்க அவங்க. அவங்க கவலையும் பொய் இல்லை. தூரத்துல இருக்கறவனுக்கு அது காட்சி, பக்கத்துல இருக்கறவனுக்கு அது சோறு.

விளம்பரமும் முழுசா நியாயமானதுன்னு சொல்ல முடியாது. தோத்த பிரதமர் மால்கம் ஃப்ரேசரே அந்தக் காட்டை உலகப் பட்டியலுக்கு அனுப்பின அரசோட தலைவர்தான். அணையைக் கைவிட்டா வேற மின்நிலையத்துக்கு 50 கோடி டாலர் தர்றேன்னு மாநிலத்துக்குச் சொல்லிப் பார்த்தார். மாநில முதல்வர் ராபின் கிரே மறுத்துட்டார். மாநிலத்தை மீறிக் கை வைக்க ஃப்ரேசர் தயாரா இல்லை, அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு படத்துக்குள்ள அடங்காது.

அப்புறம், நான் மேல பாக்கி வச்ச குறை. அந்தப் படத்துல மனுஷன் இல்லை. காலடித்தடம் கூட இல்லை. மனுஷன் கால்படாத ஆதிவனம்னு அது சொல்லாம சொல்லுது. ஆனா அதே பிராங்க்ளின் கரையில குட்டிக்கினான்னு ஒரு குகை இருக்கு. 1977ல கண்டுபிடிச்சு, 1981ல தொல்லியல்காரங்க உள்ள போய்ப் பார்த்தா கல் கருவிகளும் எலும்புகளும் குவியல் குவியலா. பனியுகக் காலத்துல, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடியே அங்கே ஆதிகுடிகள் அடுப்பு மூட்டி வாழ்ந்திருக்காங்க. கோர்ட்ல வாதாடும்போதும் இந்தக் குகை முக்கியமான விஷயமா நின்னுச்சு. அணை வந்திருந்தா அதுவும் தண்ணிக்குள்ளதான். ஆக, 'யாரும் இல்லாத காடு'ன்னு படம் சொன்னதும், 'எங்க முன்னோர் வீடு'ன்னு அந்த மண்ணோட பிள்ளைங்க சொன்னதும் ஒரே ஆத்தைப் பத்தித்தான். படத்துல முதல் பாதி மட்டும்தான் விழுந்துச்சு.

இதை டொம்ப்ரோவ்ஸ்கிஸ் தப்புன்னு நான் சொல்ல வரலை. சட்டத்துக்குள்ள எதை வைக்கறோம்ங்கறது மாதிரியே எதை விடறோம்ங்கறதும் ஒரு முடிவு. இயற்கைப் படத்தை விமர்சனம் பண்றப்போ நாம அதைக் கேக்கறதே இல்லை.

மிச்சக் கதை

டொம்ப்ரோவ்ஸ்கிஸ் கடைசி வரைக்கும் மலைதான். 1996 மார்ச்சுல மேற்கு ஆர்தர் மலைத்தொடர்ல தனியாப் படம் எடுக்கப் போன இடத்துல மாரடைப்பு. வயசு 51. குருவை ஆறு எடுத்துக்கிச்சு, சிஷ்யனை மலை எடுத்துக்கிச்சு. அவரோட ஃபிலிம் தாள்கள் இப்ப ஆஸ்திரேலிய தேசிய நூலகத்துல இருக்கு.

அதே மேற்கு ஆர்தர் மலையில ஓபரான்னு ஒரு சின்ன ஏரி. 1988ல அவர் எடுத்த ஓபரான் ஏரிப் படமும் ரொம்பப் பிரசித்தம். அதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. பெடர் ஏரியிலும் அதுல வந்து சேர்ற ஓடைகள்லயும் மட்டும் வாழ்ந்த ஒரு குட்டி மீன் உண்டு, பெடர் கேலக்சியாஸ். நீர்த்தேக்கம் ஆனதும் வெளிமீன்கள் புகுந்து அந்த இனம் அழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. 1990கள்ல விஞ்ஞானிங்க மிச்சம் கிடைச்ச கொஞ்ச மீன்களைப் பிடிச்சுக்கிட்டுப் போய் வேற இடத்துல விட்டாங்க. எங்கே தெரியுமா? ஓபரான் ஏரியில. பெடர்ல அது அத்துப்போச்சு, இங்கே பிழைச்சுக்கிச்சு. குரு காப்பாத்த முடியாத ஏரியோட மீன், சிஷ்யன் படம் எடுத்த ஏரியில நீந்துது. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சது இல்லை, தானா அமைஞ்சது. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

பெடர் கதையும் முடியலை. பழைய மணல்பரப்பு பெரும்பாலும் கலையாம, மேல மெல்லிசாப் படிவு மட்டும் மூடி அடியில அப்படியே இருக்குன்னு ஆய்வு செஞ்சவங்க சொல்றாங்க. தண்ணியை வடிச்சு ஏரியை மீட்கணும்னு ஒரு கூட்டம் பல வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கு. அவங்க கையில இருக்கற முக்கியமான சாட்சி எது? ட்ருக்கானஸ் எரிஞ்ச வீட்டுச் சாம்பல்ல இருந்து எழுந்து திரும்ப எடுத்த அந்த ஸ்லைடுகள்தான். ஏரியைக் காப்பாத்தலை, சரி. ஆனா ஏரி எப்படி இருந்துச்சுங்கற நினைப்பைக் காப்பாத்திடுச்சு. திரும்பி வரணும்னு ஒருத்தன் கேக்கறதுக்கு, முதல்ல அது இருந்துச்சுன்னு தெரியணும் இல்லையா?

அதனால முன்னாடி 'தோத்தார்'னு எழுதினதை இப்ப எனக்கே அழிக்கணும் போல இருக்கு. ஆனா விட்டுவைக்கறேன், 1972ல அது தோல்விதான்.

இனிமே நான் யாரோட ஏரிப்படத்தையும் பார்த்தா, அடிவானம், மூணுல ஒரு பங்கு, ஃபில்டர் எல்லாம் கேட்ட பிறகு ரெண்டு கேள்வி சேர்த்துக் கேக்கறதா இருக்கேன். இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு? சட்டத்துக்கு வெளிய யார் நின்னுக்கிட்டு இருக்காங்க? என் படத்தையும் சேர்த்துத்தான்.

எமரால்டு படத்தை நான் அழிக்கலை. தலைப்பை மட்டும் மாத்திட்டேன். 'விடியலில் எமரால்டு ஏரி'ன்னு இருந்தது, இப்ப 'விடியலில் எமரால்டு நீர்த்தேக்கம்'. கவிதை போச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. போகட்டும். அடுத்த தடவை போறப்போ அங்கே வயசான யாரையாவது பிடிச்சு, தண்ணி வர்றதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டு வர்றதா எண்ணம்.

டிஸ்கி: அடிவானத்தையும் ஒரு டிகிரி நிமிர்த்திட்டேன். சொன்னவங்களுக்கு நன்றி. பச்சையைக் குறைக்க மட்டும் மனசு வரலை :-)